இறங்க மாட்டேன்னு நின்ன ஷாக் அப்சார்பர்

உக்காருங்கப்பா எல்லாரும்! ஏய், அங்க என்ன குசுகுசுன்னு பேச்சு? வாய மூடுனாத்தான் கதை.

ஒரு பழைய காரு. மெக்கானிக் அதோட முன்பக்கத்த ஒரு அமுக்கு அமுக்கி விட்டாரு. வண்டி தொட்டில் கணக்கா ஆடிக்கிட்டே இருந்துச்சு. "குலுக்கலத் தாங்குற ஷாக் அப்சார்பர் போச்சு சார், மாத்திடுங்க"ன்னாரு. ஓனரு, "நாளைக்குக் குடும்பத்தோட மலைக்குப் போறோம், வந்து பாத்துக்கலாம்"னுட்டாரு.

முன் டயருக்கு வந்துச்சே கோவம்! "யோவ் ஷாக்கு! உன் வேலையையும் நான்தான்யா பாக்குறேன்! குதிச்சுக் குதிச்சு என் தோலே தேஞ்சுபோச்சு. மலை வளைவுல நான் வெடிச்சா உள்ள இருக்குற புள்ளைங்க கதி என்னய்யா? இன்னைக்கே எறங்கு!"

ஷாக் அப்சார்பரு எண்ணெய் ஒழுகுற வாயத் தொடச்சுக்கிட்டுக் குதிச்சுச்சு. "எறங்கணுமா? நானா? கம்பெனியிலயே மாட்டுன ஆளுடா நான்! நேத்து வந்த ரப்பரு நீ! கடக்கு முடக்குன்னு நான் கத்துறப்ப ஓனரே பாட்டுச் சத்தத்தக் கூட்டி வச்சுக்கிட்டுப் போறாரு. அவருக்கே இல்லாத கவலை உனக்கென்னடா? நான் போயிட்டா இந்த வண்டிய யாருடா தாங்குவா?"



பின்னாடி டிக்கியில ஸ்டெப்னி, அதான் அவசரத்துக்கு வச்சிருக்குற டயரு, படுத்துக் கெடந்துச்சு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போட்டாலும் ஒரு வார்த்தை பேசாத பய. அது மெதுவா கேட்டுச்சு:

"இப்ப மட்டும் யாருண்ணே தாங்குறா?"