தண்ணீர் மாற்றச் சொன்னவள்

பீங்கான் கம்பெனியை மூடிவிட்டு, அதே கொட்டகையில் தொட்டிகள் கட்டிக் கொடுவா மீன் வளர்த்தார் முதலாளி தனக்கோடி. தினமும் தண்ணீரைச் சோதித்துச் சொல்வது என் வேலை.

“மொதலாளி, அமோனியா ஏறிப்போச்சுங்க. உடனே தண்ணிய மாத்தணும். இன்னிக்குத் தீனி போடக் கூடாதுங்க,” என்றேன். வேலையாட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“விருத்தாசலத்துல கடல் மீன வளர்த்துக் காட்டுறவன் நானு. நீ எனக்குப் பாடம் நடத்துறியா, விமலா? தண்ணி அப்படியே இருக்கட்டும். டேய், தீனிய ரெண்டு பங்காப் போடுங்கடா.”

“வேணாங்க. மொத்தமும் செத்துப்போயிடும்.”

“வாய மூடு.”

மறுநாள் காலை, அடுத்த வாரம் பிடிக்க வேண்டிய மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. தனக்கோடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைக் குற்றம் சொல்லவும் அவருக்கு வழியில்லை. பத்துப் பேர் முன்னால் அல்லவா சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் கணவர் ஜூடுவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரும் முன்பு அந்தப் பீங்கான் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். “சூளை இன்னும் ஆறல, தொறக்க வேணாங்க” என்று சொன்னதற்காகவே அவரை அதற்குள் அனுப்பினார் தனக்கோடி. வலது கை வெந்துபோனது.

“நீ சொன்னதக் கேட்டிருந்தா மீனாவது பொழச்சிருக்கும்,” என்றார் ஜூடு.

“கேக்க மாட்டாருன்னுதாங்க சொன்னேன். நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே, தண்ணி மாத்த மோட்டார் சுவிட்சுல கைய வச்சிட்டாரு.”