சனிக்கிழமை முகம்

"ஐம்பது வயசுல மூஞ்சிக்கு இவ்வளவு சீராட்டா, அச்சுவேட்டா?" தேங்காய்ப்பாலைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயைக் கணவர் அச்சுதன்குட்டியின் கன்னத்துக் கரப்பானில் தடவினாள் தங்கமணி.

"சனிக்கிழமை ஊரே என் மூஞ்சியைத்தான் பார்க்கும், தங்கம். அதுக்குள்ள அரிப்பு நிக்கலேன்னா என் இடம் அந்தச் சிவராமனுக்குப் போயிடும்."

"மாப்பிள்ளை பார்க்கவா வர்றாங்க? பெரிய அழகன்!"

"பேசாம தடவுடி."

ஒரு மாதமாக அவர் சோப்பையே தொடவில்லை. தலையணை உறையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வெள்ளிக்கிழமை கரப்பான் அடங்கி, கன்னம் பச்சைக்குழந்தையுடையதைப் போல ஆகியிருந்தது. கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றார்.

சனிக்கிழமை பிற்பகல், கோயில் கொட்டகையில் கூட்டாளி மாதவன் அவரைப் பார்த்து வாய் பிளந்தார். "ஆசானே, மூஞ்சி என்ன இப்படி ஜொலிக்குது!"

"நல்லாப் பார்த்துக்கோ. நான் ஒரு மாசம் பட்ட பாட்டைப் பார்க்கப் போறது நீ ஒருத்தன்தான். விடியிற வரைக்கும் இது எரியாம இருந்தா எனக்குப் போதும்" என்ற அச்சுதன்குட்டி, கதகளி வேஷத்துக்கான பச்சைச் சாயத்தைக் குழைத்து அந்தக் கன்னம் முழுக்க அப்பிக்கொண்டார்.