பத்தாம் நம்பர் சட்டை

பத்தாம் நம்பர் சட்டையின் விலை, ஆட்டத்துக்கு ஒரு கோல். நாற்பத்தோரு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடம் பேரம் பேசாமல் அதைக் கொடுத்துவருகிறது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் ஆற்றோடு போனவனின் சட்டை அது. கரையில் சட்டைதான் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. இடது காலால் அடிப்பதால் அணியே ‘பீச்சாங்காலன்’ என்று செல்லமாகக் கூப்பிட்ட பையன்.

அன்று பிறந்தது ஒரு வழக்கம். எந்த ஆட்டமானாலும் சட்டையை மடித்து பெஞ்சில் வைப்பார்கள்; முதல் பத்து நிமிஷம் பத்துப் பேர்தான் ஆடுவார்கள். பதினோராவது இடம் செத்தவனுக்கு. எதிரணிக்காரன் சும்மா இருப்பானா? காய்த்த மரத்தடிக்குக் கூடையோடு வருகிறவன் மாதிரி வருவான்.

சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு வைக்கிற வேலை சுண்ணாம்புக்காரருடையது. மைதானத்தில் கோடு போடுகிறவர். பதினாறு வருஷமாக இங்கேதான் இருக்கிறார். முகத்தில் பாதியைப் பழைய தீக்காயம் தின்றிருந்ததால் யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. அது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

இன்று தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதென்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மைதானத்தில் அடுக்குமாடி வரப்போகிறது. கோல் கம்பத்துக்குப் பின்னால் அளவுக்கல்கூட நட்டாயிற்று.

“சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பதினொரு பேரா எறங்குறோம் சார்,” என்று கேப்டன் பையன் விளையாட்டு வாத்தியாரிடம் கெஞ்சினான். “செத்தவரு கோவிச்சுக்க மாட்டாரு.”

“மாட்டான். அது எனக்கும் தெரியும்.” வாத்தியார் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறவர். “ஆனா அன்னிக்கு நான்தான்டா அவனுக்குக் கேப்டன். ‘நாளைக்குக் கோட்டை விட்டே, என் மூஞ்சில முழிக்காதே’ன்னு திட்டி அனுப்பினதும் நான்தான். எனக்கும் அவனுக்கும் ஒரு வழக்கு பாக்கி இருக்கு. பத்துப் பேர்தான். போ.”

“செத்தவருக்கு எடம் இருக்கு. உசுரோட இருக்குற நாங்க நாளைக்கு எங்க சார் ஆடுறது?”

எங்கிருந்தோ ஒரு பந்து உருண்டுவந்தது. கோட்டோரம் நின்ற சுண்ணாம்புக்காரரின் இரண்டு கையிலும் வாளி. இடது காலால் ஒரு தட்டுத் தட்டினார். பந்து எழும்பி வாத்தியாரின் கைக்குள் போய் உட்கார்ந்தது.

வாத்தியார் பந்தைப் பையனிடம் போட்டுவிட்டு, வழக்கம்போல் சுண்ணாம்புக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். கழுத்தில் தொங்கிய கடிகாரத்தைக் கையில் எடுத்தார். ஒவ்வோர் ஆட்டத்திலும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

“ஏதாச்சும் சொல்லணுமா?”

சுண்ணாம்புக்காரருக்குத் தொண்டைவரை வந்தது. பெஞ்சிலிருந்த சட்டையைப் பார்த்தார். எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

“கோடு இன்னும் ஈரமா இருக்கு சார். பசங்களப் பாத்து ஓடச் சொல்லுங்க.”

வாத்தியார் தலையாட்டினார். விசில் ஒலித்தது.

ஏழாவது நிமிஷத்தில் விழுந்தது கோல். ஆளில்லாத இடது ஓரத்தில் எதிரணிப் பையன் சொந்த வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரி நிதானமாக வந்து, அடித்துவிட்டுப் போனான். பத்து நிமிஷம் முடிந்து பதினோராவது ஆள் இறங்கினான். அதற்குப் பிறகு பையன்கள் நாய் படாத பாடு பட்டார்கள். பந்து இரண்டு தடவை கம்பத்தில் பட்டுத் திரும்பியதுதான் மிச்சம். ஒன்றுக்குப் பூஜ்யம்.

கேப்டன் பையன் கோட்டின்மேலேயே முகம் கவிழ்ந்து கிடந்தான். எழுந்து போகும்போது ஒரு கன்னம் முழுக்கச் சுண்ணாம்பு.

சாமான் அறையில் வாத்தியார் கோப்பைகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்காரர் சட்டையோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“சார்… நான் ஆத்துல போகல.”

வாத்தியார் நிமிரவில்லை.

“பயந்துட்டேன் சார். சட்டையக் கரையில போட்டுட்டு லாரி ஏறிட்டேன். ஊரே அழுதுச்சுன்னு கேள்விப்பட்டப்புறம் திரும்பி வர மூஞ்சி இல்ல. அப்பா அம்மா ரெண்டு பேரும் போனப்புறம் வந்து பாத்தா, எனக்குன்னு ஒரு எடத்தையே காலியா வச்சிருக்கீங்க. உசுரோட இருந்தப்பகூட எனக்கு அவ்வளவு மரியாதை கிடைச்சதில்ல சார். அதுல வாய் அடைச்சுப்போச்சு.” சட்டையின் மடிப்பை நீவினார். “காலையில ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பசங்க பதினொரு பேரா எறங்கியிருப்பாங்க.”

வாத்தியார் கடைசிக் கோப்பையைத் துடைத்தார். துடைத்து என்ன ஆகப்போகிறது, ஆனாலும் துடைத்தார்.

“நீ வேலைக்கு வந்த மொத வாரமே ஒரு பந்தத் தட்டிவிட்டே. மூஞ்சி வெந்தா என்ன, அந்தக் கால எனக்குத் தெரியாதா, பீச்சாங்காலா?”

சுண்ணாம்புக்காரரின் கையிலிருந்து சட்டை நழுவித் தரையில் விழுந்தது.

“தெரிஞ்சுமா சார்? அப்புறமும் எதுக்குப் பத்துப் பேர்?”

வாத்தியார் கழுத்திலிருந்த கடிகாரத்தைக் கழற்றிச் சாக்குக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினார்.

“ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம், நூத்திப் பன்னெண்டு ஆட்டம், நீ வாயத் தொறக்க நேரம் குடுத்தேன், நீ கோடு ஈரமா இருக்குன்னே.”