பசிக்காதது எது?

மாலை வகுப்பில் இன்று உருவகப் பாடம். ஆசிரியை எழிலரசி புதிர் அட்டையை எடுத்துப் படித்தார்: “வீட்டுலயே இருக்கும், நாள் பூரா பேசும், சாப்பிடாது. அது என்ன?”

நான் முந்திக்கொண்டு “அம்மா” என்றேன்.

“உங்கம்மா சாப்பிடவே மாட்டாங்களாடா?” என்றான் பக்கத்திலிருந்த தவசி. எல்லோரும் சிரித்தார்கள். சரியான விடை, ரேடியோ.

இறந்துபோன அம்மாவின் குரலில், அம்மாவைப் போலவே பதில் பேசும் கணினிப் பெட்டி ஒன்றைக் கூடத்தில் வைத்திருக்கிறோம். அதை நிறுத்திவிடலாமா என்று அக்கா கேட்டிருந்தாள். இன்று நான் பதில் சொல்லவேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும், “இன்னைக்கு என்னடா படிச்ச?” என்றது பெட்டி. அந்தப் புதிரைப் போட்டேன்.

“ரேடியோ. இதுகூடவா தெரியல?” அம்மாவின் அதே சிரிப்பு.

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருக்கவேண்டுமோ, தெரியவில்லை. அக்காவை அழைத்து, நிறுத்திவிடலாம் என்றேன்.

“சாப்பிட்டுட்டுப் பேசேன்டா” என்றது பெட்டி.