ஒருமனதாக வந்த நிழல்

உலக நாடுகளெல்லாம் ஒன்றாகக் கூடிக் கையைத் தூக்கி, தூத்துக்குடிக் கரைக்கு இரண்டு மாத நிழல் ஒதுக்கின. வெயிலை மறைக்க வானத்தில் விரித்திருந்த பெரிய திரை, சித்திரை பிறந்ததும் உப்பளத்துக்கு மேலே வந்து நின்றது.

அளத்தில் உப்பு வாரும் செல்வமேரி பாத்தியில் இறங்கி அடியைத் துழாவினாள். வெறும் தண்ணீர்தான் கையோடு வந்தது. ஊரே உப்பு வாருகிற மாதத்தில் ஒரு கல் உப்புகூட விளையவில்லை.

நிழலைப் பார்வையிட வெளிநாட்டுப் பிரதிநிதிகள் வந்தார்கள். அவர்களுக்குச் சமைக்கும் பொறுப்பு அளத்துப் பெண்களுடையது.

"குளுகுளுன்னு இருக்குல்லாக்கா? ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்க" என்றார் செல்வமேரியிடம், கூட வந்த உள்ளூர் அதிகாரி.

"உப்பு வெயில்லதான் விளையும்னு அத்தன நாட்டுல ஒருத்தருக்குமா தெரியாது? எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"உலகமே ஒருமனதா எடுத்த முடிவுக்கா."

"அந்த உலகத்துல நாங்க இல்லையோ?"

அதிகாரி பந்தியைக் கவனிக்கப் போனார்.

அளத்துக்காரர்கள் கடையில் உப்பு வாங்குவதில்லை. பாத்தியில் வாரியதைத்தான் குழம்பில் போடுவார்கள். அன்றும் செல்வமேரி அந்த வழக்கத்தை மாற்றவில்லை.

மீன்குழம்பை வாயில் வைத்த பிரதிநிதிகளின் தலைவர் முகத்தைச் சுளித்தார். அதிகாரி பதறி ஓடி வந்தார்.

"அக்கா, உப்பு கேக்காரு!"

செல்வமேரி கரண்டியால் வானத்தைக் காட்டினாள்.

"அத நகட்டச் சொல்லுங்க. பதினஞ்சு நாள் வெயில் அடிச்சதும் தாரேன். அதுவர எங்கள மாதிரி சப்புன்னு தின்னட்டும்."