பழகிய உடம்பு

காவலர் தேர்வுக்கு ஒரு வாரமே இருந்ததால், சேந்தன் கத்திரி வெயிலின் உச்சிப்பொழுதிலும் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். வேலமரத்தின் மெலிந்த நிழலில் அவன் மனைவி பூங்குழலி தண்ணீர் பாட்டிலுடன் நின்றாள்.

“ஒரு வாய் குடிச்சிட்டு ஓடுய்யா.”

“ஓடும்போது குடிச்சா வயித்தப் பிடிக்கும்டி. போலீஸ்காரன் பொண்டாட்டி ஆகணுமா, வேணாமா?”

அவள் சிரித்தாள். அடுத்த சுற்றில் அவன் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான்.

“பாத்தியாடி, வேர்வையே நின்னுடுச்சு! உடம்பு வெயிலுக்குப் பழகிடுச்சு.”

அவள் அந்த முதுகைத் தொட்டாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தோசைக்கல்லைத் தொட்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள். அதற்குள் அவன் ஓடிவிட்டான். தொலைவில் அவன் கால்கள் ஓடுபாதையின் சுண்ணாம்புக் கோட்டிலிருந்து விலகின. பிறகு மைதானத்தின் குறுக்கே அவளை நோக்கித் தள்ளாடி வந்தன.

“போதும்யா, உக்காரு!”

அவன் நின்றான். கைகளைக் கட்டிக்கொண்டான். மணமான நாள்முதல் அவளை ‘டி’ போடாமல் அழைத்தறியாதவன், மிகுந்த பணிவோடு கேட்டான்:

“அக்கா, ஓட்டம் எங்க ஆரம்பிக்குதுங்க?”

பதிலுக்குக் காத்திராமல், வெயிலை நோக்கித் திரும்பினான்.