ஒரு மடக்கு

மூட்டை தூக்கியே முதுகு வளைந்த கிழவருக்கு உணவுக்குழாயில் புற்று. ஒரு மடக்குத் தண்ணீராவது இறங்காதா என்ற தவிப்போடு கதிர்வீச்சுக்கு, அவர் பாஷையில் கரண்டு வைக்க, மேசையில் படுத்திருந்தார். எல்லாரும் வெளியே போனதும் கனத்த கதவு மூடியது.

வெளியே கேமராத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த மெஷின்காரப் பொண்ணு ஸ்பீக்கரில் பேசினாள்: "அசையாதீங்க தாத்தா. பக்கத்துல நிக்கிற அம்மா, நீங்க வெளிய வாங்க."

"எந்த அம்மா? எங்க வீட்டுக்காரி வெளிய என் செருப்புக்குக் காவல் இருக்கா."

திரும்பிப் பார்க்கவும் பயம். அசைந்தால் கதிர் இடம் மாறிவிடும்.

"சரி, போயிட்டாங்க," என்றாள். மெஷின் ஓடியது.

முடிந்து வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, மனைவி இடப்பக்கம் உட்கார்ந்து டம்ளரை நீட்டினாள். வாயில் ஊற்றிய தண்ணீர் நெஞ்சில் முட்டி நின்றுவிட்டது. வலப்பக்கத்துக் காலி நாற்காலியில் யாரோ மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

"அப்பாடா, இறங்கிடுச்சா!" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.